ஐ.பி.எஸ். (IBS) எனும் குடல் எரிச்சல் நோய்க்கு மனச்சோர்வு மாத்திரை எழுதித் தந்திருக்கிறார்கள், சாப்பிடலாமா?

புளியரைப் பெண் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 34. செங்கோட்டைக்கு மேற்கே புளியரையில் வசிக்கிறேன். மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். காலையில் பேருந்தேறி, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை வழியாகப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்புவேன். ஆறு ஆண்டுகளாக இதே பயணம்தான். முதல் நான்கு ஆண்டுகள் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டே போய்விடுவேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு உறவினர் வீட்டுத் திருமணத்தில் சாப்பிட்ட மறுநாள் கடுமையான வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்து, மூன்று நாள் மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. அதே மாதக் கடைசியில் அப்பாவைப் பக்கவாதம் தாக்கியது. காய்ச்சல் தீர்ந்தது, வயிறு மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. வாரத்தில் மூன்று, நான்கு நாள் அடிவயிற்றை முறுக்கிப் பிடிக்கிறது. வெளிக்குப் போய்வந்தால் வலி தணிகிறது. அரைமணி நேரத்தில் மறுபடியும் முறுக்குகிறது. வீட்டை விட்டுக் கிளம்புவதற்குள் நான்கு முறை போய்வந்தும், முழுவதும் போகவில்லை என்ற எண்ணத்துடனேயே பேருந்தில் ஏறுகிறேன்.

கனிமம் ஏற்றிய லாரிகள் புளியரை வளைவில் வரிசை கட்டி நிற்கும் நாள்களில் பேருந்து நகராது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். இப்போது வந்தால் எங்கே இறங்குவது என்று நினைத்த உடனே வயிற்றில் புளியைக் கரைக்கும். அடுத்த நிமிடமே உண்மையாக முறுக்கத் தொடங்கிவிடும். கடையிலும் இதே கதைதான். கழிப்பறை பின்புறக் கிடங்கைத் தாண்டி இருக்கிறது. அதன் சாவி, தேங்காய்ச் சிரட்டைத் துண்டு ஒன்றில் கட்டப்பட்டு, முதலாளியின் மேசை இழுப்பறையில் இருக்கும். வாடிக்கையாளர்கள் சூழ்ந்து நிற்கையில், ஒரே காலையில் மூன்றாவது முறையாக அந்தச் சாவியைக் கேட்டு நிற்பது எப்படி இருக்கும் என்பதை என்னால் எழுத முடியவில்லை. அதற்காகவே காலை உணவையும் மதிய உணவையும் விட்டுவிட்டேன். ரயில் என்றால் கழிப்பறை இருக்கிறது என்ற தைரியம் உண்டு. ஆனால் அதன் நேரம் என் வேலை நேரத்துக்கு ஒத்துவரவில்லை.

இரத்தம், தைராய்டு, மலம், ஸ்கேன், பெருங்குடல் உள்நோக்கிச் சோதனை எல்லாம் எடுத்தாகிவிட்டது. எல்லாமே சரியாக இருக்கின்றன. முதலில் பார்த்த மருத்துவர் அறிக்கைகளைப் புரட்டிவிட்டு, "ஒன்னுமில்லா, டென்ஷனாணு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மலையாளம் எனக்கு நன்றாகப் புரியும். ஆனால் முறுக்கலையும் இரைச்சலையும் குத்தலையும் அந்த மொழியில் வேறுபடுத்திச் சொல்ல வரவில்லை. நான் எதைச் சொன்னாலும் "கேஸ்" என்றே எழுதிக்கொண்டார். பிறகு பார்த்த குடல் நோய் மருத்துவர்தான் பொறுமையாகக் கேட்டு, இது ஐ.பி.எஸ்., அதாவது குடல் எரிச்சல் நோய் என்றார். அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் மாத்திரையை இரவில் சாப்பிடச் சொல்லி, மனநல ஆலோசனையும் பெறுமாறு எழுதித் தந்தார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அது மனச்சோர்வுக்கான மாத்திரை என்று போட்டிருக்கிறது. அம்மா அழுதுவிட்டார், நாத்தனார், "மண்டைக்கான மாத்திரையை ஒருமுறை தொட்டால் விட முடியாது" என்றார். நான்கு நாள் சாப்பிட்டேன். வாய் வறண்டது, காலையில் எழ முடியவில்லை, நிறுத்திவிட்டேன். மறைக்காமல் சொல்கிறேன்: கடந்த சில மாதங்களாக எனக்கு எதிலும் பிடிப்பில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில்கூட எழுந்து தலைசீவ மனம் வருவதில்லை.

என் வயிற்றினால் மனம் கெட்டதா, மனத்தினால் வயிறு கெட்டதா? இந்த மாத்திரையைச் சாப்பிட்டால், நோய் என்று ஒன்றும் இல்லை, எல்லாம் என் கற்பனைதான் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடாதா? இதே துன்பத்தைக் கடந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


கம்பமெட்டுக்காரன் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நான் கம்பத்தைச் சேர்ந்தவன். கம்பமெட்டு வழியாக நாள்தோறும் ஜீப்பில் மலையேறி, வண்டன்மேட்டுப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் மேற்பார்வை வேலை பார்க்கிறேன். ஒன்பது ஆண்டுகளாக எனக்கும் இந்த நோய் உண்டு. நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் ஜீப்பில், கொண்டையூசி வளைவில், "வண்டியை நிறுத்துங்கள்" என்று சொல்வதற்குப் பட்ட பாட்டை நீங்கள் ஒருவர்தான் சரியாகப் புரிந்துகொள்வீர்கள் என்று நினைக்கிறேன். அந்தச் சாவியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் மேற்கொண்டு படிக்க முடியாமல் வைத்துவிட்டேன்.

நான் செய்த பெரிய தவறு, நீங்கள் இப்போது செய்துகொண்டிருப்பதே. மலையேறும் வரை பச்சைத் தண்ணீர்கூட குடிக்கமாட்டேன். வழியில் எந்தப் பெட்ரோல் பங்கில், எந்தக் கோயில் பின்புறத்தில் ஒதுங்கலாம் என்பது முழுவதும் எனக்கு மனப்பாடம். உறவினர் விசேஷங்களுக்குப் போவதை நிறுத்தினேன். பிறகு நண்பர்களைப் பார்ப்பதையும் நிறுத்தினேன். ஒவ்வொன்றையும் விட்டபோது அன்றைக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் பயம் ஒவ்வொரு முறையும் ஒரு படி மேலேறி உட்கார்ந்துகொண்டது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஓர் அம்மையார், ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு பத்தி போட்டு எழுதச் சொன்னார்: நேரம், சாப்பிட்டது, மலத்தின் தன்மை, அந்த நேரத்து மனநிலை. மூன்று வாரம் எழுதிய பிறகு அதைத் திருப்பிப் பார்த்து நானே அதிர்ந்துபோனேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பூண்டும் வெங்காயமும் போட்ட கறிக்குழம்பை மூக்குமுட்டச் சாப்பிட்ட மூன்று வாரமும் வயிறு ஒன்றும் செய்யவில்லை. வெறும் வயிற்றோடு ஜீப்பேறிய திங்கட்கிழமைகள் மூன்றிலும் முறுக்கியிருக்கிறது. நான் ஆண்டுக்கணக்கில் பூண்டைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதே நோட்டு, உணவில் உண்மையாகவே ஒத்துக்கொள்ளாத ஒன்றையும் காட்டிக்கொடுத்தது. அது தோட்டத்தில் நாளைக்கு ஐந்தாறு முறை குடித்த பால் டீ. பால் சேர்க்காத கட்டன் சாயாவுக்கு மாறியதும் வயிற்று உப்பல் பாதியாகக் குறைந்தது.

பிறகு சிறுசிறு படியாகப் பழகினோம். முதல் வாரம் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு அடிவாரம் வரை மட்டும். அடுத்த வாரம் மெட்டு வரை. வலி வந்தால் உடனே வண்டியை நிறுத்தாமல், மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் பார்ப்பது. அந்த ஐந்து நிமிடத்தில் பெரும்பாலான முறுக்கல்கள் தாமாகவே தளர்ந்துவிடுகின்றன என்பதை உடம்பு கற்றுக்கொள்ள எனக்கு நான்கு மாதம் பிடித்தது. முழுவதும் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். இப்போதும் மாதத்தில் இரண்டு நாள் படுத்தும். ஆனால் போன தையில் என் தங்கை மகளின் திருமணத்துக்கு மதுரை வரை பேருந்தில் போய்வந்தேன்.


ஆரியங்காவு வாசி எழுதியது:

மகளே, நான் அறுபது வயதைக் கடந்தவன். உன் பேருந்து நாள்தோறும் என் வீட்டைத் தாண்டித்தான் போகிறது. ஆயுர்வேதத்தில் இந்த நோயைக் கிரகணி என்ற பெயரில் பழங்காலத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். அதற்கு மோரே மருந்து என்பது எங்கள் பக்கத்து வைத்தியர்களின் வழக்கம். கடைந்து வெண்ணெய் எடுத்த மோரில் சிறிது சுக்குப்பொடி சேர்த்துக் குடித்துப் பார். சாப்பாட்டுக்குப் பிறகு ஓர் அரிஷ்டமும் எடுக்கலாம். மூளைக்கான மாத்திரை மட்டும் வேண்டாம் என்பது என் கருத்து. என் மூத்த சகோதரர் தூக்க மாத்திரைக்கு அடிமையாகி அல்லல்பட்டதை நேரில் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதே.


களியக்காவிளை மருத்துவர் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். அரசுப் பணியில் பொது மருத்துவராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். எல்லையோரத்தில் தமிழும் மலையாளமும் கலந்து பேசும் நோயாளிகளுக்கிடையிலேயே என் பணிக்காலம் கழிந்தது. "ஒன்றுமில்லை" என்று சொல்லி உங்களை அனுப்பியதற்காக, அந்தத் தொழிலைச் சேர்ந்தவள் என்ற முறையில் வருந்துகிறேன். சோதனையில் புண்ணோ கட்டியோ தெரியவில்லை என்பதுதான் அந்த அறிக்கைகளின் பொருள். வலி இல்லை என்பது அவற்றின் பொருளன்று.

நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒரு வரியில்தான் உங்கள் நோயின் தொடக்கம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கிருமித் தொற்றால் வரும் கடும் வயிற்றுப்போக்குக்குப் பிறகு, ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு ஐ.பி.எஸ். தொடங்குவதாக, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 2017-ஆம் ஆண்டில் எழுதியிருக்கிறார்கள். கனடாவில் வாக்கர்ட்டன் என்ற சிற்றூரின் குடிநீரில் 2000-ஆம் ஆண்டு மே மாதம் கிருமி கலந்து, 2,300 பேருக்கு மேல் நோயுற்று, 7 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, பலருக்கு வயிறு பழைய நிலைக்கு வரவே இல்லை என்று தெரிந்தது. இது யாருடைய கற்பனையும் அன்று. ஓர் ஊரின் தண்ணீரிலிருந்து வந்தது. அதே நேரத்தில், தொற்று வந்த சமயத்தில் பதற்றமோ மனச்சோர்வோ இருந்தவர்களுக்கு இந்த வாய்ப்பு மேலும் கூடுகிறது என்பதும் அந்தத் தொகுப்பாய்வில் தெளிவாகவே வந்திருக்கிறது. உங்கள் குடல் புண்பட்டுத் தேறிக்கொண்டிருந்த அதே மாதத்தில்தான் உங்கள் தந்தை படுக்கையில் விழுந்தார். இரண்டும் சேர்ந்து உங்கள் மேல் இறங்கியிருக்கின்றன.

உள்ளே நடப்பதை எளிமையாகச் சொல்கிறேன். குடலின் சுவருக்குள் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் தமக்கென ஒரு வலையாக அமைந்திருக்கின்றன. மூளையிலிருந்து வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பகுதி, குடலிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் இழைகள்தாம்; மேலிருந்து கீழே வருபவை குறைவே. ஐ.பி.எஸ். உள்ளவர்களின் குடல், சாதாரணமான காற்றையும் அசைவையும்கூட வலியாக உணர்ந்து அனுப்புகிறது. பெருங்குடலின் கீழ்ப்பகுதிக்குள் சிறு பலூனை வைத்து மெல்ல ஊதிப் பார்த்து, மற்றவர்களுக்கு வலிக்காத அளவிலேயே இவர்களுக்கு வலிக்கிறது என்பதை 1973-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் காட்டிவிட்டார்கள். எதிர்த்திசையிலும் இதேபோல ஒரு வழி இருக்கிறது. அச்சம் வரும்போது மூளை சுரக்கும் ஒரு வேதிப்பொருள், இரைப்பையை மந்தப்படுத்திப் பெருங்குடலை விரைவுபடுத்துகிறது. லாரி வரிசையைப் பார்த்ததும் உங்களுக்கு முறுக்குவது இதனால்தான். அந்த முறுக்கலை மூளை ஆபத்தாகப் படித்து மேலும் அச்சத்தைக் கூட்டுகிறது. அது மறுபடியும் குடலுக்கு வருகிறது. உடலின் செரோடோனினில் 90 விழுக்காட்டுக்கு மேல் குடலில்தான் இருக்கிறது என்பதை வைத்துக்கொண்டு, குடலைச் சுத்தம் செய்தால் மனச்சோர்வு தீர்ந்துவிடும் என்று விற்பனை செய்பவர்களை மட்டும் நம்பாதீர்கள். குடலில் சுரக்கும் செரோடோனின் இரத்தத்தைத் தாண்டி மூளைக்குள் போவதில்லை.

எது முதலில் என்று கேட்டீர்கள். ஆஸ்திரேலியாவில் ஏறக்குறைய ஆயிரம் பேரை 12 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, 2012-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தொடக்கத்தில் பதற்றம் மட்டும் இருந்தவர்களில் பலருக்குப் பின்னாளில் இத்தகைய குடல் கோளாறு வந்தது. தொடக்கத்தில் குடல் கோளாறு மட்டும் இருந்து மனம் தெளிவாக இருந்தவர்களுக்கும், 12 ஆண்டு முடிவில் பதற்றமும் மனச்சோர்வும் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தன. வழி இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது. 53,400 ஐ.பி.எஸ். நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2021-ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, இந்த நோயோடு தொடர்புள்ள மரபணுப் பகுதிகளில் பல, பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றோடும் தொடர்புள்ளவை என்று காட்டியது. அதாவது சிலரிடம் ஒன்று மற்றொன்றைக் கொண்டுவராமல், இரண்டும் ஒரே வேரிலிருந்தே முளைத்திருக்கவும் கூடும். ஆகவே வயிறா மனமா என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் மருத்துவம் தொடங்க வேண்டும் என்பதில்லை. உங்களுக்கு இரண்டுமே வலிக்கின்றன, இரண்டையுமே பார்க்க வேண்டும்.

இனி அந்த மாத்திரை. மனச்சோர்வுக்கு அமிட்ரிப்டிலினை வழக்கமாக 75 மில்லிகிராமும் அதற்கு மேலும் கொடுப்பார்கள். உங்களுக்கு எழுதியது 10. இந்த அளவில் அது வேலை செய்வது வலிச் செய்தியைக் கடத்தும் நரம்புகளில். கூடவே குடலின் வேகத்தையும் சற்றே குறைக்கிறது. இங்கிலாந்தில் 463 ஐ.பி.எஸ். நோயாளிகளை வைத்து நடந்து 2023-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், 10 முதல் 30 மில்லிகிராம் வரை ஆறு மாதம் எடுத்தவர்களுக்கு, வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட வயிற்றுத் துன்பம் குறைந்தது. உங்கள் அச்சத்துக்கு நேரடியான பதில் அதே ஆய்வில் இருக்கிறது: இரு சாராரின் பதற்ற, மனச்சோர்வு அளவுகளில் வேறுபாடு ஏற்படவில்லை. மனத்தை மாற்றாமலேயே வயிறு தேறியது. ஆகவே இந்த மாத்திரையைச் சாப்பிடுவது, உங்கள் வலி கற்பனை என்று ஒப்புக்கொள்வதாகாது. இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. உங்களிடம் இருக்கும் மனச்சோர்வுக்கு இந்த 10 மில்லிகிராம் போதாது. அதைத் தனியே கவனிக்க வேண்டும்.

வாய் வறட்சியும் மந்தமும் பெரும்பாலும் தொடக்க வாரங்களில் அதிகமாக இருந்து குறையும். பலன் தெரியப் பல வாரங்கள் ஆகும். நான்கு நாளில் தெரிந்தது பக்கவிளைவு மட்டுமே. கண் நீர் அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, வேறு மனநல மருந்துகள் ஆகியவை இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். கருத்தரிக்கும் எண்ணம் இருந்தாலும் சொல்லுங்கள். எழுதித் தந்த மருத்துவரிடமே திரும்பப் போய், நிறுத்தியதைக் கூச்சமில்லாமல் தெரிவியுங்கள். அவர் பொறுமையாகக் கேட்பவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஆரியங்காவுப் பெரியவருக்கு: உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால் உங்கள் சகோதரர் எடுத்த தூக்க மாத்திரைகள் வேறு வகையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். அமிட்ரிப்டிலின் அந்த வகையில் அடிமைப்படுத்துவதில்லை, ஆனாலும் நீண்ட நாள் எடுத்தபின் மருத்துவர் சொற்படி மெல்லக் குறைத்தே நிறுத்த வேண்டும். மோரை நானும் தடுக்கமாட்டேன். பால் ஒத்துக்கொள்ளாத பலருக்கு நீர்மோர் ஒத்துக்கொள்கிறது. அரிஷ்டங்களில் மட்டும் நொதிப்பினால் இயல்பாகவே ஆல்கஹால் ஊறியிருக்கும். இந்த மாத்திரையோடு சேர்ந்தால் தூக்கம் கூடும். இரண்டையும் சேர்த்து எடுக்க வேண்டாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, தொடர் காய்ச்சல், இரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, 50 வயதுக்கு மேல் முதன்முறையாகத் தொடங்கும் தொல்லை, குடும்பத்தில் குடல் புற்றுநோய் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், ஐ.பி.எஸ். என்று நீங்களே முடிவுகட்டிக்கொள்ளாதீர்கள். நம் நாட்டில் குடல் காசநோய் இன்னும் இருக்கிறது. 50 வயதைத் தாண்டிய பெண்களுக்குப் புதிதாக வயிற்று உப்பல் வந்தால் சினைப்பையையும் பார்க்க வேண்டும்.


கொழிஞ்சாம்பாறை ஆலோசகர் எழுதியது:

சகோதரி, பாலக்காடு மாவட்டத்தின் தமிழ்ப் பகுதியில் மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். மருந்தைப் பற்றி மருத்துவர் அம்மா சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை எழுந்து தலைசீவ மனமில்லை என்று நீங்கள் எழுதிய வரியைப் பற்றி மட்டும் நான் பேச விரும்புகிறேன். ஐ.பி.எஸ். உள்ளவர்களில் பத்தில் நான்கு பேரிடம் பதற்றத்தின் அறிகுறிகளும், பத்தில் மூன்று பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும் காணப்படுவதாக 2019-ஆம் ஆண்டின் தொகுப்பாய்வு ஒன்று சொல்கிறது. நீங்கள் தனியாக இல்லை. இதை வெளிப்படையாகக் கேட்பது என் கடமை: வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் எப்போதாவது வருகிறதா? வந்தால் அடுத்த மருத்துவர் தேதி வரை காத்திருக்காமல் இன்றே யாரிடமாவது சொல்லுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது. அதில் தமிழில் பேசலாம்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே என்னிடம் வருபவர்களில் பலர், கடையிலும் அலுவலகத்திலும் சரளமாக மலையாளம் பேசுபவர்கள்தாம். ஆனால் துக்கத்தைச் சொல்லும்போது தமிழுக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஆகவே உங்கள் ஆலோசனையைத் தென்காசிப் பக்கத்திலேயே, தமிழில் பெறுவது நல்லது. அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். போக்குவரத்து ஒரு தடையாக இருந்தால் தொலைபேசி வழியாகவும் பயன் உண்டு. இங்கிலாந்தில் 558 ஐ.பி.எஸ். நோயாளிகளை வைத்து, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்றும் ஆலோசனையைத் தொலைபேசியிலும் இணையத்திலும் அளித்துப் பார்த்த ஆய்வு 2019-ஆம் ஆண்டில் வெளிவந்தது. நேரில் போகாமலேயே அவர்களுடைய வயிற்றுத் துன்பம் குறைந்தது. ஓராண்டுக்குப் பின்னும் அந்தப் பலன் நின்றது. கம்பத்து நண்பர் சொன்ன நோட்டுப் புத்தகமும் படிப்படியான பழக்கமும் இந்த முறையைச் சேர்ந்தவைதாம்.

அந்தச் சாவியைப் பற்றி முதலாளியிடம் ஒருமுறை பேசிப் பார்க்க முடியுமா? நோயின் பெயரைச் சொல்லக்கூட வேண்டியதில்லை.


புளியரைப் பெண் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மருத்துவர் அம்மா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 75-க்கும் 10-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்டபோது அவருக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது, எனக்கும்தான். ஆலோசகர் கேட்ட கேள்விக்கு நேர்மையாகவே சொல்கிறேன்: சாக வேண்டும் என்று நினைத்ததில்லை, இப்படியே எத்தனை நாள் என்று நினைத்ததுண்டு. இரண்டு நாளுக்கு முன்பு அந்த எண்ணில் அழைத்து ஏறக்குறைய நாற்பது நிமிடம் பேசினேன். முதல் பத்து நிமிடம் அழுகைதான். தென்காசியில் வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

முதலாளியிடம் பேசத் துணிவு வரவில்லை. மாதக் கணக்கு முடிக்கும் நாளில் அவருடைய மனைவி கடைக்கு வருவார். அவரிடம் சொன்னேன், மலையாளத்தில்தான். வயிற்றில் ஒரு நீண்ட நாள் நோய், அடிக்கடி போக வேண்டியிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் கடைப் பையனை அனுப்பி இன்னொரு சாவி வெட்டி வாங்கிக் கொடுத்துவிட்டார். இப்போது அது என் கைப்பையில் வீட்டுச் சாவியோடு கிடக்கிறது. ஆச்சரியம் என்னவென்றால், சாவி கையில் வந்த இந்த நான்கு நாளில் கடையில் ஒருமுறைதான் அதை எடுக்க வேண்டியிருந்தது. பேருந்துப் பயணம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. கம்பத்து அண்ணன் சொன்னபடி இரண்டு இட்லியோடு நேற்றுக் கிளம்பினேன்; தென்மலை தாண்டும் வரை கம்பியைப் பிடித்த கை வியர்த்துக்கொண்டே இருந்தது, ஆனால் இறங்கவில்லை.

மருத்துவர் அம்மாவிடம் ஒரு சந்தேகம். மாத்திரையை மறுபடி தொடங்கச் சொல்லியிருக்கிறார் என் மருத்துவர். படுக்கப் போகும்போது பதினொரு மணிக்குச் சாப்பிட்டால் காலை ஐந்து மணிக்கு எழ முடியவில்லை. என்ன செய்வது?


களியக்காவிளை மருத்துவர் எழுதியது:

வீடு திரும்பி, இரவு உணவு முடிந்த உடனே, எட்டரை மணி அளவில் சாப்பிட்டுவிடலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். மந்தம் காலைக்கு முன்பே கழிந்துவிடும். பெரும்பாலும் சரி என்பார். வாய் வறட்சிக்குத் தண்ணீரை ஒரேயடியாகக் குடிக்காமல் சிறுசிறு மிடறாகக் குடியுங்கள். வெள்ளிக்கிழமை போகும்போது இரண்டு மருத்துவர்களின் சீட்டுகளையும் கையில் எடுத்துப் போங்கள். அங்கே புதிதாக ஒரு மருந்து எழுதினால், இது ஏற்கெனவே இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். போய்வந்ததும் இங்கே எழுதுங்கள், காத்திருக்கிறேன்.